சின்னவர் காரின் சூடு

கோயம்புத்தூரில் வார்ப்படப் பட்டறைகள் நெருக்கியடித்து நிற்கும் பக்கத்தில், எங்கள் மாரப்பன் வீதியில், சின்னவருடைய சிவப்புக் காரின் சூடு முழுவதும் ஒரு பங்குனி மாதம் மாவு விற்கிற துளசிமணியின் உடம்புக்கு வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. சூடு எங்காவது போய்த்தானே ஆகவேண்டும், ஒருத்தன் இறக்கி வைத்தால் இன்னொருத்தி தூக்கிக்கொள்ளத்தானே வேண்டும். எனக்குக் குமட்டியது அதற்கப்புறம் எங்கள் வீதி நடந்துகொண்ட விதம்தான். என் பெயர் விசாலாட்சி, வீதிக்கு விசாலக்கா, முக்கில் இருக்கிற பேக்கரி என்னுடையது. டீயும் தேங்காய் பன்னும் வாங்க வருகிற எவனும் வாயை மூடிக்கொண்டு வாங்கிப் போனதில்லை, ஆகையால் இந்த வீதியில் நடந்தது எதுவும் எனக்குத் தெரியாமல் நடந்ததில்லை.

சின்னவர் என்றால் நவநீதன். அவன் அப்பாவின் பம்பு செட் கம்பெனியில்தான் எங்கள் வீதி ஆண்களில் பாதிப்பேர் இரும்பு உருக்குகிறார்கள், மீதிப்பேர் குடியிருக்கிற வீடுகளும் அவருடையவைதான், அதனால் நான் பன் கொடுத்து வளர்த்த பையனை வீதியே சின்னவர் என்று கூப்பிடுகிறது, அவன் தும்மினால் நாலு பேர் கைக்குட்டை நீட்டுகிறார்கள். கெட்டவன் இல்லை. இந்தக் கதையில் கெட்டவன் என்று ஒருத்தன் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு அருவருப்பு வந்திருக்காது. சித்திரையில் ஊருக்கு வெளியே இருக்கிற ரேஸ் டிராக்கில் ஓட்டவேண்டும் என்று, தரையோடு தரையாகப் படுத்திருக்கிற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிவந்து, என் கடைக்கு எதிரே இருக்கிற ஜெரால்டின் ஷெட்டில் விட்டான்.

ஜெரால்டு மெக்கானிக். அவன் டீ குடித்தபடி எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது: எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் வாயில் கம்பெனிக்காரன் வைத்திருக்கிற வார்ப்பிரும்புக் குழாய் குறுகலானது, புகை அதற்குள் முட்டி மோதித்தான் வரும், அதைக் கழற்றிப் போட்டுவிட்டு நாலு சிலிண்டருக்கும் நாலு தனி ஸ்டீல் குழாய், ஆட்டுக்குடல் மாதிரி வளைந்து நெளிந்து கடைசியில் ஒன்றாகச் சேருவது, அதற்குப் பெயர் ஹெட்டர், அதை வைத்தால் எஞ்சின் தாராளமாக மூச்சு விடும், இழுவை கூடும், சத்தம் அடிவயிற்றைத் தொடும். வைத்தான். இழுவையும் கூடியது, சத்தமும் தொட்டது, கூடவே சூடும் வந்தது. மெல்லிய குழாய், உள்ளே ஓடுகிற நெருப்பை அப்படியே வெளியே விட்டது. ஒயர்கள் உருகின, பானட்டில் சிவப்புப் பெயின்ட் கொப்புளம் போடப் பார்த்தது, ஓட்டுகிறவனின் கெண்டைக்காலில் அனல் அடித்தது. செராமிக் பூச்சு பூசினால் அடங்கும், ஆனால் அதற்கு ஹெட்டரைக் கழற்றி வெளியூருக்கு அனுப்பவேண்டும், திரும்பி வருவதற்குள் ரேஸே முடிந்துபோகும். ஆகவே நாடா சுற்றுவது என்று முடிவாயிற்று. கண்ணாடி நாரில் நெய்த பட்டை நாடா. கட்டுப் போடுகிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி குழாயில் இறுக்கிச் சுற்றி, கம்பியால் கட்டிவிட்டால் சூடு உள்ளேயே இருந்து பின்பக்கமாகப் போய்விடும். சுற்றுவதற்கு முன்னால் நாடாவைத் தண்ணீரில் ஊறப்போடவேண்டும், அதுதான் முறை, ஈரமாக இருந்தால்தான் இறுக்கிப் பிடிக்கும்.

அன்றைக்கு ஜெரால்டின் தொட்டியில் இருந்தது உப்புப் போர்த் தண்ணீர். பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"அம்மணி, ஒரு குண்டா நல்ல தண்ணி இருக்குமா?"

"மாவுக்கு ஊத்த வெச்ச சிறுவாணித் தண்ணிதானுங்ணா இருக்குது. எடுத்துக்குங்க, நான் வேற புடிச்சுக்கறேன்."

இவ்வளவுதான் துளசிமணி செய்தது. குண்டாவைச் சுவர்மேல் தூக்கி வைத்தாள், அப்போதுதான் உளுந்து கழுவிய கை, அது விளிம்பில் பட்டு ஒரு சொட்டு உள்ளே விழுந்திருக்கலாம், விழாமலும் இருந்திருக்கலாம். அந்தத் தண்ணீரில்தான் நாடா ஊறியது. பின்னால் நடந்ததற்கு வேறு காரணம் யாருக்கும் தோன்றவில்லை, யாரும் மெனக்கெட்டுத் தேடவுமில்லை.

நாடா காய்ந்ததும் காரை ஸ்டார்ட் செய்தார்கள். வீதியே கூடி நின்று கைதட்டியது. முதல் தடவை சூடேறும்போது நாடா புகைந்து நாறும் என்று ஜெரால்டு எச்சரித்திருந்தான், புகையவே இல்லை. சின்னவர் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஹெட்டரின்மேல் பனி கோத்தது, ஜெரால்டு வெறுங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்து ஐஸ்க்ரீம் பெட்டி மாதிரி இருக்கிறது என்று சிரித்தான். அவன் சிரித்துக்கொண்டிருக்கும்போதே சுவருக்கு அந்தப்பக்கம் குழந்தை வீரிட்டது. நான் ஓடினேன். துளசிமணியின் இடுப்பில் இருந்த ஒன்றரை வயது நேத்ராவின் தொடையிலும் கையிலும் அம்மாவின் உடம்பு பட்ட இடமெல்லாம் சிவந்து கன்றியிருந்தது. கீழே மாவு கட்டுகிற பிளாஸ்டிக் கவர் உருகிக் கிடந்தது, துளசிமணியின் உள்ளங்கையில் மாவு ஒரு தோசையாக வெந்து ஒட்டியிருந்தது.

"எனக்கு ஒண்ணுமே சுடலீங்க்கா," என்றாள், கையை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு. "இவ எதுக்குக் கத்தறான்னே தெரியலீங்க்கா."

அதுதான் அந்தச் சூட்டின் குணம். அவளுக்கும் அவள் உடுத்தியிருக்கிற சேலைக்கும் ஒன்றும் செய்யாது, அவளைத் தொடுகிற மற்றதைத்தான் பொசுக்கும். கார் நின்றால் ஒரு கப் டீ ஆறுகிற நேரத்தில் ஆறிவிடுவாள், கார் கிளம்பினால் அவளும் கொதிப்பாள். கார் எங்கே போனாலும் இது மாறவில்லை, அவள் எங்கே போனாலும் மாறவில்லை. காங்கயத்தில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போய்விடலாம் என்று பஸ் ஏறினாள், பல்லடம் தாண்டுவதற்குள் சீட்டின் ரெக்சின் தீய்ந்துபோய்க் கண்டக்டர் இறக்கிவிட்டான், டிக்கெட்டில் மிச்சத்தை மட்டும் மறக்காமல் கொடுத்தானாம், நியாயஸ்தன். சின்னவர் எந்த நேரத்தில் சாவியைத் திருப்புவார் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே குழந்தையை எந்த நேரத்திலும் தூக்க முடியாது என்றாயிற்று. பால் மறக்காத பிள்ளையை ஒரே நாளில் பிரித்து என் கடைக்குள் கொண்டுவந்து விட்டாள். அது பன்னை ஒரு கையில் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து அழுதது.

வீதி என்ன செய்தது என்று கேளுங்கள். முதலில் வைத்தியம் செய்தது. கார்தான் காரணம் என்பது பல் முளைக்காத பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருந்தும், எல்லோரும் ஒரே வாயாக அவளுக்குச் சூட்டு உடம்பு என்றார்கள். ஒருத்தி ஊறவைத்த வெந்தயம் கொண்டுவந்தாள், ஒருத்தி தொப்புளில் விளக்கெண்ணெய் வைக்கச் சொன்னாள், ஒருத்தி இளநீர், ஒருத்தி நீராகாரம், ஒருத்தி கால் கட்டைவிரலில் நல்லெண்ணெய், ஒருத்தி கோழிக்கறியை நிறுத்து என்று சொல்லிவிட்டு அவள் வீட்டில் செய்து வைத்திருந்த கோழிக்கறியைத் தூக்கிக்கொண்டும் போனாள். வெந்தயம் அவள் கையிலேயே வறுபட்டது. வாங்கி வாங்கித் தின்றாள், குடித்தாள், தடவிக்கொண்டாள்.

அப்புறம் வீதி அவளைப் பயன்படுத்திக்கொள்ள ஆரம்பித்தது. மாவு வியாபாரம் போய்விட்டது, அவள் கை பட்டால் மாவு உடனே புளித்துப் பொங்கி வழிந்தது, அந்தப் புளித்த வாடை வீதி முழுக்க நின்று என் பன்னில்கூட ஏறியது. சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒருத்தி வடகத் தட்டை அவள் மடிக்குப் பக்கத்தில் காயவைத்தாள். அடுத்த நாள் நாலு தட்டு. அப்புறம் ஈர யூனிஃபார்ம், கொப்பரை, மிளகாய், ஒருவன் நனைந்துபோன செருப்பு. எதிர்வீட்டுக்காரி ஒருத்தி, பெயர் சொன்னால் என் நாக்கு கசக்கும், துளசிமணியின் உள்ளங்கையைப் பிடித்து, நடுவில் துணி வைத்துத்தான், தன் புருஷன் சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டு போனாள். முன்கூட்டியே நேரத்தைச் சொல்லுங்கள், அந்த நேரத்தில் மட்டுமாவது குழந்தையைத் தள்ளி வைத்துக்கொள்வாள் என்று நான் சின்னவரிடம் கேட்டேன், அதற்கென்ன என்று வீதி வாட்ஸ்அப் குழுவில் 'வண்டி எடுக்கிறேன்' என்று எழுதினார். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். வாசலில் வரிசையாக வடகத் தட்டுகள். நாலு நாளில் எழுதுவதை மறந்துபோனார், பிள்ளையைத் தள்ளி வைத்திருந்தது மட்டும் அப்படியே நின்றது.

ஒருநாள் ஜெரால்டையும் இழுத்துக்கொண்டு கம்பெனிக்கே போனேன். சின்னவர் எழுந்து நின்று நாற்காலி போட்டார், ஜூஸ் வரவழைத்தார்.

"நாடாவைப் பிரிச்சிருங்க தம்பி," என்றேன். "ஹெட்டர் உங்களதே இருக்கட்டும். இழுவையும் இருக்கும், சத்தமும் இருக்கும், ஜெரால்டே சொல்றான். அந்த நாடா ஒண்ணுதான் வேண்டாம்."

"எனக்கும் பாவமாத்தாங்க்கா இருக்குது. அவங்க வீட்டுக்கு ஏசி போட்டுக் குடுத்தர்றேன். பாப்பாவை நான் படிக்க வெக்கறேன், எந்த ஸ்கூல்னாலும் சரி."

"அதெல்லாம் அவ கேக்கலியே."

"இல்லீங்க்கா, நாடாவைப் பிரிச்சா கால்ல நெம்ப அனல் அடிக்குது." சொல்லிவிட்டுக் குனிந்து பேன்ட்டைக் கொஞ்சம் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினார். ஒன்றுமில்லை, லேசாக ஒரு செம்மை, கொசு கடித்த மாதிரி. "பானட் பெயின்ட்டும் போயிரும். ஒரிஜினல் பெயின்ட்டுங்க்கா, அந்தக் கலர் இப்ப வர்றதில்ல. மாரியம்மன் நோன்பு வருது, அது முடியட்டும், ரேஸ் முடியட்டும், பிரிச்சிர்றேன்."

எனக்கு வாயில் எச்சில் ஊறியது, துப்பத்தான். ஜூஸைக் குடிக்காமல் வந்தேன். ஜெரால்டு குடித்துவிட்டு வந்தான். அவன் ஷெட்டுக்கு இப்போது திருப்பூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் கார்கள் வந்து நின்றன, குளிர்ந்த ஹெட்டர் வைக்கிற ஜெரால்டு என்று பேராகிவிட்டது. "வண்டி அவருதுங்க்கா, நான் எப்புடிக் கைய வெக்கறது?" என்றான் வழியெல்லாம். தண்ணீர் அவளுடையதுதானே, அதில் மட்டும் எப்படி வைத்தாய் என்று கேட்டேன்.

துளசிமணியின் புருஷன் ரங்கராஜ் சின்னவர் கம்பெனியில் அச்சு வார்க்கிறவன். இருக்கிற வீடும் கம்பெனி வீடு. அவன் வாசலில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு, நோன்போட முடியப்போகுது, கொஞ்சம் பொறுத்துக்க என்பான். அவளும் பொறுத்துக்கொண்டாள். என் கடைப் படிக்கு வருவாள், உள்ளே வரமாட்டாள், அங்கிருந்தே, "நேத்ரா சாப்புட்டாளாங்க்கா?" என்று கேட்பாள். குழந்தை அவள் குரல் கேட்டதும் முதல் வாரம் ஓடிவந்தது, அப்புறம் நின்று பார்த்தது, அப்புறம் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. கற்றுக்கொள்கிற வயதுதானே, கற்றுக்கொண்டது.

இந்த நேரத்தில்தான் மாரியம்மன் நோன்பு சாட்டினார்கள். எங்கள் பக்கத்தில் நோன்பு என்றால் கோயிலுக்கு முன்னால் மூன்று கிளை பிரிந்த ஒரு மரக்கம்பத்தை நடுவார்கள், அம்மனின் உக்கிரம் தணியவேண்டும் என்று வீதிப் பெண்கள் தினமும் குடத்தில் மஞ்சளும் வேப்பிலையும் கலந்த தண்ணீர் கொண்டுவந்து அதன்மேல் ஊற்றுவார்கள், கம்பம் குளிர்ந்தால் ஊர் குளிரும், நோன்பு முடிகிற அன்றைக்குக் கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விடுவார்கள். கோயில் கமிட்டித் தலைவர் காளியண்ணன் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். வீதியில் கொதிக்கிற ஒருத்தி இருக்கும்போது மரத்துக்கு எதற்குத் தண்ணீர்?

"இந்த வருசம் அம்மனே மரம் வேண்டாம்னு சொல்லிருச்சுங்க," என்று மைக்கில் அறிவித்தார். அம்மன் எப்போது சொன்னது, யாரிடம் சொன்னது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் கண் கலங்கியது.

அவளைக் கோயில் வாசலில் ஒரு கல்மேல் உட்காரவைத்து மஞ்சள் சேலை கட்டினார்கள். தினமும் சாயங்கால பூஜைக்கு மணி அடிக்கும்போது சின்னவர் கோயிலுக்குப் பக்கத்தில் காரை நிறுத்தி எஞ்சினை முறுக்குவார், அம்மன் சரியாக அந்த நேரத்துக்கு அவள்மேல் இறங்கும். பெண்கள் குடம் குடமாக ஊற்றுவார்கள், தண்ணீர் அவள் தோளில் பட்டதும் சீறி ஆவியாகும், வேப்பிலை வெந்த வாடையும் மஞ்சள் வாடையும் புளித்த வாடையும் பெட்ரோல் வாடையும் சேர்ந்து எழும்பும், அதை இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் பூசிக்கொள்வார்கள். கல்லுக்குக் கீழே வழிந்து தேங்குகிற கலங்கல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்ப் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். அவள் வேர்வை அது. அவள் உடம்பு அழுக்கு அது. குடித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டிய வாயோடு மறுநாள் காலையில் என் கடைக்கு வந்து டீயில் சர்க்கரை போதவில்லை என்றார்கள். பந்தலும் மேளமும் அன்னதானமும் சின்னவர் உபயம். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள், அவள் உடம்பைப் பரிமாறிவிட்டுப் புண்ணியத்தை எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

நோன்பு முடிகிற நாளன்று கமிட்டி என் கடை பெஞ்சில்தான் உட்கார்ந்து பேசியது. கம்பத்தை நடவில்லை, சரி, ஆனால் கம்பத்தைக் கிணற்றில் விடுகிற சடங்கு இருக்கிறதே, அதை என்ன செய்வது?

"சும்மா இடுப்புல கயிறு கட்டி ஒரு முக்கு முக்கி எடுத்தர்லாம்," என்றார் காளியண்ணன். "சாங்கியத்துக்குத்தான்."

"சின்னவரு காரை முறுக்கிட்டு இருப்பாருல்ல," என்றேன் நான். "கயிறு கருகி அறுந்துச்சுன்னா?"

அவர்கள் முகத்தில் வெட்கம் வரும் என்று பார்த்தேன்.

"அப்ப சங்கிலி போட்டுக்கலாம்," என்றார் காளியண்ணன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஓரத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த ரங்கராஜ் டம்ளரை வைத்துவிட்டு, "சங்கிலி நல்ல சங்கிலியாப் பாருங்க," என்றான். அந்த டம்ளரை நான் கழுவவில்லை, குப்பையில் போட்டேன்.

நேராகக் கோயிலுக்குப் போய் துளசிமணியிடம் சொன்னேன். கல்மேல் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டாள். "இன்னைக்கு ஒரு நாள்தானுங்க்கா," என்றாள். "சின்னவர் வாக்குக் குடுத்திருக்காரு. ரேஸும் அடுத்த ஞாயித்துக்கெழமைங்களாம். முடிஞ்சா பிரிச்சிருவாரு, நான் பாப்பாவைத் தூக்கிக்குவேன்." எனக்கு அவள்மேலும் ஆத்திரம் வந்தது. இந்தப் பொறுமையைத் தின்றுதான் எங்கள் வீதி இப்படிக் கொழுத்தது என்று சொல்ல வந்தேன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

சாயங்காலம் மேளம், கூட்டம், கிணற்றடியில் சங்கிலி. எஞ்சினின் குளிர்ச்சியை வெளியூர்க்காரர்களும் தொட்டுப் பார்க்கட்டும் என்று சின்னவர் பானட்டைத் திறந்து வைத்து, சீட்டில் உட்கார்ந்து முறுக்கிக்கொண்டிருந்தார். காளியண்ணன் மைக்கைப் பிடித்தார். எல்லோருக்கும் நன்றி சொன்னார், சவுண்டு சர்வீஸ்காரனுக்குக்கூட. அப்புறம், "இன்னொரு சந்தோசமான சமாச்சாரமுங்க," என்றார். "நம்ம சின்னவர் இந்த ஒரு ரேஸோட நிறுத்தறதில்லைன்னு முடிவு பண்ணீட்டாரு. நாடாவைப் பிரிக்கறதாவும் இல்லீங்க. அடுத்த வருச நோன்புக்கும் நம்ம அம்மன் இதே கல்லுல இருக்கும், எல்லாரும் சந்தோசமா ஒரு கொலவை போடுங்க."

குலவை எழுந்தது. துளசிமணியும் எழுந்தாள்.

மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட, ஒவ்வொரு சொட்டும் தரையைத் தொடுவதற்கு முன்னால் ஆவியாக, கிணற்றுப் பக்கம் போகாமல் காரைப் பார்த்து நடந்தாள். பிடிக்கப் போனவர்கள் கையை உதறிக்கொண்டு விலகினார்கள், அவளைக் கும்பிட்ட கூட்டம் இரண்டாகப் பிரிந்தது, இவ்வளவு நாளும் அவளை யாரும் தொடமுடியாதபடி வைத்திருந்த சூடு இப்போது அவளை யாரும் தடுக்கமுடியாதபடி வைத்தது. எஞ்சினுக்குள் இரண்டு கையையும் விட்டாள். நாடாவின் முனை எங்கே என்று தேடினாள். ஜெரால்டு பக்கத்தில்தான் நின்றான், அவன் வாயிலிருந்து சத்தம் வருமா வராதா என்கிற அளவில், "பின்பக்கத்துல இருக்குது அம்மணி, அடியில," என்று வந்தது. அவனை நான் மன்னித்துவிடவில்லை, ஆனால் அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கட்டுக்கம்பி அவள் விரலில் இளகி அறுந்தது. முதல் குழாயின் நாடாவைப் பிரித்தாள், குழாய் பனி உருகிச் சிவந்தது. இரண்டாவதைப் பிரித்தாள், பானட்டின் சிவப்பு கொப்புளம் கொப்புளமாக எழும்பி வெடித்தது. மூன்றாவதைப் பிரித்தபோது சின்னவர், "ஐயோ காலு, ஐயோ காலு," என்று கத்திக்கொண்டு சாவியைக்கூடத் திருப்பாமல் வெளியே குதித்து ஓடினார். ஒவ்வொரு சுற்றுக்கும் சூடு அவளை விட்டு வந்த இடத்துக்கே போய்க்கொண்டிருந்தது, அவள் தோளில் தண்ணீர் தண்ணீராகவே வழிய ஆரம்பித்தது. அவளும் அதைப் பார்த்தாள். இன்னும் ஒரு குழாய் இருக்கிறது, அதன் கடைசிச் சுற்றைப் பிரிக்கும்போது தன் கை வெறும் கையாக இருக்கும், குழாய் குழாயாக இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும், அடுப்படியில் வளர்ந்தவளுக்குத் தெரியாதா. இடது கையை எடுத்துக்கொண்டாள். வலது கையால் பிடித்து இழுத்தாள்.

கத்தினாள். அத்தனை நாளில் அவளைச் சுட்டது அதுதான் முதல் தடவை. சொல்ல வாய் கூசுகிறது, அந்தக் கத்தலைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் பொங்கியது.

கூடி நின்ற அத்தனை பெண்களின் கையிலும் நிறைகுடம் இருந்தது. அவள் உள்ளங்கை வெந்து தோல் தொங்க நின்றாள். ஒரு குடம், ஒரு கை தண்ணீர்கூட அவள் பக்கம் வரவில்லை. "சின்னவர் காரு, சின்னவர் காரு," என்று குடங்களைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் காரைப் பார்த்து ஓடினார்கள். பழுத்த இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று இரும்பு உருக்கியே சோறு தின்கிற வீதிக்குத் தெரியாதா? தெரியும். சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனாலும் விசுவாசம் அறிவை முந்திக்கொண்டது, குடம் குடமாக எஞ்சினுக்குள் ஊற்றினார்கள். ஹெட்டர் நாலு இடத்தில் விரிந்து, எஞ்சின் பாளம் பாளமாக வெடித்து, அந்த ஒரிஜினல் பெயின்ட் கார் ஒரு பெரிய ஏப்பம் விட்டு அடங்கியது. நான் என் சேலையை நனைத்து அவள் கையைச் சுற்றி ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ரங்கராஜ் வரவில்லை, காரைத் தள்ளுவதற்கு ஆள் போதவில்லையாம்.

அதற்கப்புறமாவது வீதிக்குப் புத்தி வந்தது என்று நினைக்கிறீர்களா? சின்னவர் வேறு எஞ்சினுக்கும் வேறு ஹெட்டருக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டார் என்ற செய்தி வந்த அன்றே ஜெரால்டின் ஷெட் வாசலில் வரிசை நின்றது. எல்லோர் கையிலும் குண்டா. புது நாடாவை எங்கள் வீட்டுத் தண்ணீரில் நனையுங்கள் என்று கேட்டு நின்றார்கள். கல்மேல் உட்கார்ந்தால் வீட்டுக்கு ஏசி, பிள்ளைக்குப் படிப்பு, வீதியில் மரியாதை. "எங்க மருமக கை வெச்ச தண்ணிங்க, நல்லா அளையச் சொல்லிக் கொண்டாந்திருக்கேன்," என்று சட்டைக் காலர் தேய்த்தாளே, அந்த எதிர்வீட்டுக்காரி சொன்னது என் காதில் விழுந்தது. அந்த மருமகளும் பின்னால்தான் நின்றாள், குனிந்த தலை நிமிராமல். ஜெரால்டு ஷெட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தான், எத்தனை நாளைக்கு உட்காருவான் என்று தெரியவில்லை.

துளசிமணி ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் கடைக்கு வந்தாள். வலது கையில் பெரிய கட்டு. வரிசையில் நின்றவர்கள் அவளைப் பார்த்து, அம்மன் இறங்கிப் போன வெறும் பொம்பளை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் அவளை உள்ளே இழுத்து ஷட்டரைப் பாதி இறக்கினேன். எவனுக்கும் அன்றைக்கு டீ கிடையாது.

நேத்ரா பிஸ்கட் டின்னுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்தாள். எழுந்து நின்றாள். ஓடி வரவில்லை, பின்னால் நகர்ந்து நகர்ந்து கண்ணாடி அலமாரியில் முதுகு இடித்து நின்றாள்.

"வா சாமி," என்றாள் துளசிமணி. தரையில் உட்கார்ந்து, நல்ல கையை நீட்டினாள். "அம்மா சுடமாட்டேன். வா கண்ணு."

குழந்தை வரவில்லை. துளசிமணி நீட்டிய கையை மடக்கவில்லை. வெளியே குண்டாக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம், யார் முன்னால் வந்தது யார் பின்னால் வந்தது என்ற சண்டை, எல்லாம் ஷட்டருக்கு அடியில் நுழைந்து வந்துகொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை, பிள்ளையைத் தூக்கி அவள் மடியில் போட்டுவிடலாமா என்று ஒரு அடி வைத்தேன். துளசிமணி என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள்.

வெகுநேரம் கழித்து நேத்ரா ஒரு அடி எடுத்து வைத்தாள், அப்புறம் இன்னொரு அடி. கைக்கு எட்டாத தூரத்திலேயே நின்றுகொண்டாள். குனிந்தாள். கன்னத்தை உப்பிக்கொண்டு, சுடுசோற்றை ஊதுவதுபோல, அம்மாவின் உள்ளங்கையை ஊதினாள். விரலை நீட்டித் தொடப் போய், பயந்து பின்னுக்கு இழுத்துக்கொண்டு, மறுபடியும் ஊதினாள்.

"ஆறிருச்சு சாமி," என்றாள் துளசிமணி. "ஆறிருச்சு, தொடு."

நேத்ரா நம்பவில்லை. ஊதிக்கொண்டே இருந்தாள்.